தேக்க வேண்டாத அணை

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகி, கொங்கு நாட்டைக் கடந்து, கரூர் ஜில்லாவில் காவேரியோடு சங்கமமாகும் நொய்யல் நதிக்குக் குறுக்கே, 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று எழுப்பப்பட்ட அணையானது, சில வருஷங்களுக்குள்ளாகவே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. மதகைத் திறவுங்கள் என்று மனுப்போட்டே பழகிய குடியானவர்கள், தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று மன்றாடிய விபரீதத்தை வேறெங்கே காண முடியும்? நீரின் வர்ணத்தைச் சுண்ணாம்பு முதலியவற்றைக் கொண்டு ஒருவாறு தெளிவித்துவிடலாம். ஆனால் பருத்தி நூலில் சாயம் பிடிப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டப்படும் உப்போ, கண்ணுக்குப் புலப்படாமல் கிணற்றிலும் மண்ணிலும் இறங்கி, தென்னையின் குருத்துவரை சென்றுவிடுகிறது. தெளிந்த நீரைக் காட்டிச் சமாதானம் சொன்னவர்களிடம், அதை ஒரு வாய் பருகிக் காட்டும்படி கேட்டிருக்கலாம். ஆயக்கட்டுதாரர்கள் அவ்வளவு தூரம் போகாமல், நீதிமன்றத்தின் படிகளை வருஷக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடிவைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் பிழைப்பிழந்த தொழிலாளரும் அந்நதிக்கரைவாசிகளே; அவர்களுடைய கஷ்டத்தையும் இந்தக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.