வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து

காட்டுக்குள் ஒரு பெண் குதிரையில் போகிறாள். ரெனே மக்ரித் 1965-இல் வரைந்த ஓவியம், இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. முதல் பார்வைக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. அப்புறம்தான் கண் இடறும். பின்னால் நிற்க வேண்டிய மரம் குதிரைக்கு முன்னால் வந்து நிற்கிறது. இன்னொரு இடத்தில் குதிரையை மறைப்பது மரம்கூட இல்லை, இரண்டு மரங்களுக்கு நடுவே கிடக்கிற வெறும் இடைவெளி.

தெரிவதையும் தெரியாததையும் மனம் ஒன்றாகவே பிடித்துக்கொள்கிறது என்பதுபோல மக்ரித் விளக்கம் சொன்னார். சரி. எனக்கு உறுத்துவது வேறு. வெட்டுப்படுவது குதிரைதான். மேலே இருப்பவள் தொப்பி கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சுமக்கிற உடம்பில் ஒரு துண்டைக் காணோம், சவாரி பாட்டுக்கு நடக்கிறது.

கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூதின் சமாதி இருக்கிறது. 1699-இல் கொல்லப்பட்டவர். 'மங்காட் டிஜூலாங்' என்று அவரைச் சொல்வார்கள். தூக்கிச் சுமந்து போகும்போது மாண்டவர் என்று அர்த்தம். விசித்திரமான பெயர். சுமந்தவர்கள் யாரென்று அதில் இல்லை. ஆனால் அவர்களை எடுத்துவிட்டால் அந்தப் பெயரே நிற்காது.

ஊரைத் தாண்டி மெர்சிங் சாலையில் போனால் செம்பனை, செம்பனை, செம்பனை. கார் ஓட ஓட வரிசைகள் திறந்து திறந்து மூடும். நடுவில் யாரும் இல்லை. ஜொகூரில் எத்தனையோ பால்மரத் தோட்டங்கள் இப்படிச் செம்பனையாக மாறிவிட்டன. லயன் வீடுகள் நின்ற இடமும் வரிசைக்குள் போய்விட்டது. "அங்க என்ன இருக்கு, ஒண்ணுமில்லையே" என்று சொல்லத் தோன்றும். மக்ரித்தின் இடைவெளியும் ஒன்றுமில்லாதது மாதிரி இருந்துகொண்டுதான் மறைக்கிறது.

ஓவியத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கு, எழுதாத தாளில் முன்கூட்டியே போட்டுக்கொடுக்கும் கையெழுத்து என்று பொருள். மேலே எதை வேண்டுமானாலும் அடுத்தவர் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஒப்பந்தக் கூலிகளின் கைநாட்டுதான் ஞாபகம் வருகிறது. படிக்கத் தெரியாதவருக்கு எழுதிய தாளும் வெற்றுத்தாள்தானே. மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கார் ஜன்னல் வழியாகப் பார்த்து, இங்கே யாரும் இருந்ததில்லை என்று நாம் தலையாட்டுகிறோமே, அது எந்தத் தாளில் போடுகிற கையெழுத்து? அதற்கு மேலே எழுதப்போவது யார்?