வெட்டுண்ட கையும் முதலாளியின் கடனும்



சூம்பின கையுள்ள மனிதனைச் சேசுநாதர் சுவாமி ஓய்வுநாளில் குணமாக்கிய புதுமையை அறிவீர்கள். அது வலது கை என்று அர்ச். லூக்காஸ் குறித்திருக்கிறார். அர்ச். எரோணிமுஸ் தமது மத்தேயு வியாக்கியானத்தில் வேறொரு விவரம் தருகிறார். நசரேயரிடம் வழங்கிய ஒரு பழைய சுவிசேஷத்தின்படி அம்மனிதன் கொத்தனாராம். வெட்கங்கெட்டுப் பிச்சையெடுக்க நேராதபடி தன் கையைத் திருப்பித் தரக் கேட்டானாம். அந்நூல் வேதாகமத்தில் சேர்ந்ததல்ல. ஆனால் அந்தப் பயம் நம் வீடுகளிலும் உண்டு.

கோயம்புத்தூர் மோட்டார் பம்புப் பட்டறைகளிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். டன் கணக்கான பலத்தோடு அச்சு இறங்கித் தகட்டை வெட்டுகிறது. தகட்டை வைக்க உள்ளே போன கை, அச்சு இறங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். ஆகவேதான் இரு கைகளாலும் ஒரே சமயத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினாலன்றி அச்சு இறங்காதபடி ஏற்பாடு செய்கிறார்கள். வேலை தாமதமாகிறதென்று ஒரு பொத்தானை அழுத்தியபடியே கட்டிவைத்து ஓட்டுகிற இடங்களும் உண்டு. ஒருநாள் விரல் போகிறது. "அவனுடைய கவனக்குறைவு" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இத்தீர்ப்பு நியாயமா? யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய கட்டளையை வாசித்துப் பாருங்கள். மாடு முன்பே முட்டும் என்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத உடையவன்மேல் பழி விழுகிறது. முட்டியது மாடுதானே என்று அவன் தப்ப முடியாது. ஏற்கெனவே ஒருவன் விரலைத் தின்ற இயந்திரம் அந்த மாடல்லாமல் வேறென்ன? எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்கிற மனிதன் ஏதோ ஒரு நொடியில் கண்ணயர்வான். இது முதலாளிக்குத் தெரியாத இரகசியமல்ல.

தொழிலாளி தானே காப்பைக் கழற்றினால் என்ன என்பீர்கள். தன் சரீரத்தைக் காப்பதும் ஐந்தாம் கற்பனையின் கடமையே. வேண்டுமென்றே அதை மீறுகிறவன் குற்றவாளிதான். ஆனால் காப்போடு வேலை செய்தால் அன்றைய கணக்கு முடியாது என்றிருக்கும்போது, அதைக் கழற்றியது உண்மையில் யார் கை?

1923-ம் ஆண்டின் சட்டம் இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. குடிவெறி, தெளிவான கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், காப்பை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவற்றைச் சாக்காக ஏற்றதேயன்றி, வெறும் கவனக்குறைவை ஏற்கவில்லை. பெருவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30, ஒரு கையின் ஐந்து விரல்களும் போனால் 60 என்று அதன் அட்டவணை கணக்கிட்டது. சோறு பிசையவும் குழந்தையைத் தூக்கவும் முடியாமற்போவதற்கு எந்த அட்டவணையிலும் கணக்கில்லை. அந்த உரிமைகள் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கழகமே கொடுக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் முதலாளி.

ஆஸ்பத்திரிச் செலவு செய்து, கையில் சில ஆயிரம் கொடுத்து, பிறகு வாசற்காவல் வேலையும் தருகிற முதலாளிகள் உண்டு. நல்ல மனிதர்கள்தான். காயம்பட்டவனும் "ஐயா தெய்வம் மாதிரி" என்று கும்பிடுகிறான். எனினும் கொடுக்க வேண்டியதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் கும்பிடு வாங்குவது ஏழாம் கற்பனைக்கு அடுத்த விஷயம். நீதியால் செலுத்த வேண்டியதைத் தர்மமாகக் கொடுக்கலாகாது என்று 1965-ல் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரைப் பற்றிய ஏட்டில் தெளிவாகவே போதித்தது. நம் திருநாளுக்குக் கொடி உபயம் செய்தாலும் இந்தக் கடன் தீராது. இதைச் சொல்வதால் உபயம் குறைந்தால் குறையட்டும்.

தாய்மாரே, மனைவிமாரே, "வம்பு வேண்டாம், கொடுத்ததை வாங்கிக்கொள்" என்று முதலில் சொல்பவர்கள் நீங்கள்தான். வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எழுதிய காகிதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைநாட்டு வைக்க விடாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்றே 1923 சட்டம் கூறியது. வைத்தியச் சீட்டுகளையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் காலதாமதமின்றி விண்ணப்பியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு வீட்டுக்கு வரலாம். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கும்.