தொட்டிலில் போன பிள்ளை

அய்யா உண்டு.



கொல்லம் 1008, மாசி மாதம். சுவாமித்தோப்பிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு தொட்டிலைச் சுமந்து போகிறார்கள். தொட்டில் கைக்குழந்தைக்குக் கட்டுவது. இதில் கிடந்த முடிசூடும் பெருமாளுக்கோ வயது 24. நாட்டையே ஆளப்பிறந்தவர் போன்ற பெயர். எழுந்து நிற்கவும் ஆகாத உடம்பு. வெயிலாள் அம்மை அறிந்த வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டாள். இனிக் கடற்கரைதான் கதி என்று கொண்டுபோகிறாள்.

மகன் கடலுக்குள் போய் மறைந்தார். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. முடிந்தது என்று கூட வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையில் இருந்தாள். அலையோடு சண்டையிட அவளால் முடியுமா? இருக்க மட்டும் முடிந்தது, இருந்தாள். மாசி 20-ஆம் நாள் வந்தவரை நாம் வைகுண்டர் என்கிறோம். நாராயணர் தாம் வர ஒரு மல்லனின் உடம்பைத் தேடவில்லை. தொட்டிலில் கிடந்த உடம்பைத்தான் எடுத்துக்கொண்டார்.

கலியனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரம் வாங்கிய செருக்கோடு போகிறவன் முன்னால் மாயவர் பண்டார வேடத்தில் வருகிறார். கையில் ஆயுதமில்லை, பின்னால் படையில்லை. இந்த ஆண்டியோடு சண்டையிடுவது எனக்கு இழிவு என்கிறான் நீசன். பண்டாரத்துக்கு இடைஞ்சல் செய்யமாட்டேன், செய்தால் என் படையும் முடியும் அழியட்டும் என்று சத்தியமும் செய்துவிடுகிறான். தன் பலத்தையே பார்த்திருந்தவனுக்கு எதிரே நிற்பவர் யாரென்று தெரியாமல் போயிற்று. பிறகு அய்யா அதே பண்டாரக் கோலத்தில் வந்தார். திருவிதாங்கூர் மன்னனின் ஆட்கள் பிடிக்க வந்தபோது கூடியிருந்த மக்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். அடிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? பனையேறி இறுகிய கைகள். சிங்காரத்தோப்புச் சிறையிலும், பசித்த புலியின் முன்னும் அய்யா ஒரு கோலையும் எடுக்கவில்லை.

இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்பியிருந்தது என் கைகாலைத்தான். நான் பனையேறி வீட்டுப் பிள்ளை. காலையும் மாலையும் முப்பது பனை ஏறி இறங்கிய உடம்பு. மாசி ஊர்வலத்துக்கு நாகர்கோவிலிலிருந்து சுவாமித்தோப்பு வரை நடந்துவிட்டு, வண்டியில் வருகிறவர்களைக் கேலி பேசியவன். அந்தக் கேலியும் ஒரு சின்னக் கலியன்தான் என்று அன்று தெரியவில்லை.

அறுபத்து மூன்றாம் வயதில் குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தேன், இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள், மருந்து தந்தார்கள். (அதை வேண்டாமென்பது நம்பிக்கையல்ல, வெயிலாள் அம்மையும் வைத்தியம் பார்த்தவள்தான்.) வலியைப் பொறுத்தேன். மகன் என்னைத் தூக்கி உட்கார வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டேன். தானாக எழும்பப் பார்த்து மறுபடியும் விழுந்தேன். அன்று இரவு அவன் வாசலில் உட்கார்ந்து அழுதது எனக்குக் கேட்டது.

விழுந்து கிடந்த அந்த இரவில்தான் தொட்டில் நினைவுக்கு வந்தது. 24 வயதுக்காரர், ஊர் பார்க்க, குழந்தையைப்போல் கிடந்து போனாரே! என்னைச் சுமக்கவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் செந்தூர் ஏது? அய்யா என்னைத் தாங்க வேண்டுமென்று நாள்தோறும் கேட்கிறேன். அவர் ஒரு தோளை அனுப்பினால் தட்டிவிடுகிறேன். அப்படியானால் நான் கேட்டது என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் நானே சொன்னேன், ‘என்னைத் தாங்கலுக்குத் தூக்கிக்கொண்டு போ மக்களே’ என்று. அவன் ஒன்றும் பேசவில்லை. குனிந்து முதுகைக் காட்டினான். தாங்கல் வாசலில் இருவரும் தலைப்பாகை கட்டிக்கொண்டோம். பணிவிடைக்காரர் அவன் நெற்றியில் நாமம் இட்டார், பிறகு எட்டி என் நெற்றியில் இட்டார். உள்ளே கண்ணாடி முன்னால் நின்றோம். நாற்பது வருடமாக அந்தக் கண்ணாடியில் என் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். அன்று இரண்டு முகம் தெரிந்தது. கீழே இருந்து என்னைச் சுமந்த முகத்தில் நாமம் இன்னும் ஈரமாக இருந்தது.

அய்யா உண்டு.