முதலீட்டுக்கு ஈடாக எதைக் கேட்கலாம்?

2024 செப்டம்பர் 9 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் செய்யும் ஆலை அது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,800 பேர். அவர்களில் பெரும்பாலோர் போராட்டத்தில் இருந்தார்கள். 37 நாள் நீடித்தது. ஊதிய உயர்வும் கேட்டார்கள், வேலைநேரத்தைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் முடிச்சு விழுந்தது ஒரே இடத்தில்தான்: தாங்கள் அமைத்த சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும் என்ற கோரிக்கையில். போராட்டம் தொடங்கியபோது மாநில முதலமைச்சர் அமெரிக்காவில் இருந்தார்; தமிழ்நாட்டுக்கு முதலீடு கொண்டுவரத் தொழில் நிறுவனத் தலைவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் போகாது. ஒரு மாநிலத்தின் பொருளாதாரம் உயரக் கைகொடுக்கும் தொழிலதிபர், அதற்கு ஈடாக அந்த மாநிலத்திடம் எதையெல்லாம் கேட்கலாம்? நிலம் கேட்கலாம். தடையில்லாத மின்சாரம், நல்ல சாலை, துறைமுகத்துக்கு விரைவான வழி, சில ஆண்டுகளுக்கு வரிச்சலுகை ஆகியவற்றையும் கேட்கலாம். அரசு தன்னிடம் உள்ளதை எடுத்துத் தருகிறது. தந்தது மிகையா குறைவா என்று சட்டமன்றத்தில் வாதாடிக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் உழைத்தபின் வீடு திரும்பும் உரிமையும், உடன் உழைப்பவரோடு கூடிச் சங்கம் அமைக்கும் உரிமையும் அப்படிப்பட்டவை அல்ல. அவை அரசின் கருவூலத்தில் இல்லை, தொழிலாளிக்கு உரியவை. அடுத்த வீட்டு நெல்லை அளந்து வந்து தன் விருந்தாளிக்குச் சோறு போடுவதை யாரும் விருந்தோம்பல் என்று சொல்வதில்லை. எவ்வளவு பெரிய முதலீடு வந்தாலும் இந்த இரண்டையும் சலுகைப் பட்டியலில் சேர்க்க அரசுக்கு உரிமை கிடையாது. சேர்க்கச் சொல்லிக் கேட்கத் தொழிலதிபருக்கும் உரிமை கிடையாது.

இது இன்றைய இடதுசாரி முழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் நம் நூல்களைத் திறந்து பார்க்க வேண்டும். வள்ளுவர் நாட்டைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்தார். நாட்டுக்கு அணி என்று அவர் ஐந்தைச் சொல்கிறார்: நோயில்லாமை, பொருள், விளைச்சல், இன்பம், பாதுகாவல். பொருள் ஐந்தில் ஒன்றுதான். மற்ற நான்கையும் விலையாகக் கொடுத்துப் பொருளை வாங்கினால் நாட்டுக்கு ஓர் அணிதான் மிஞ்சும். பொருள் செய்யும் வழியைச் சொல்லும் அதிகாரத்தில் அவர் இன்னும் கண்டிப்பானவர். அருளும் அன்பும் இல்லாமல் வரும் செல்வத்தைத் தொடாமலே விட்டுவிடச் சொல்கிறார். கொடுங்கோன்மை அதிகாரத்திலோ, துன்பம் தாளாமல் வடிக்கப்படும் கண்ணீர்தான் செல்வத்தைத் தேய்த்துக் கரைக்கும் கருவி என்கிறார். வளர்ச்சிக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தேய்மானத்தை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள்?

வணிகரை நம் முன்னோர் வெறுத்தவர்களும் அல்லர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை மனம் நிறைந்து பாடுகிறது. அவர்கள் கப்பலில் ஏற்றிய பண்டத்தின் அளவுக்காக அந்தப் புகழ் வந்துவிடவில்லை. வாங்கும்போது அதிகமாகவும் வாங்காமல், கொடுக்கும்போது குறைவாகவும் கொடுக்காமல் நடுநிலை நின்றார்கள் என்பதற்காக வந்தது. உழைப்பை வாங்கி ஊதியம் கொடுப்பதும் ஒரு கொள்ளல் கொடுத்தல்தான். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் முடிகிறது. தமிழுக்கு வெளியே போனாலும் இதே நெறிதான். கௌடிலியர் அரசின் செல்வத்தைப் பெருக்கவே நூல் எழுதியவர். அவரும் வணிகரைக் கண்காணிப்பதற்கு அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் பகுதியில் இடம் ஒதுக்கினார், வேலையாளின் கூலியைப் பற்றித் தனியே விதி செய்தார்.

சுங்குவார்சத்திரப் போராட்டத்துக்கு முந்தைய ஆண்டிலேயே, முதலீட்டுக்காகத் தொழிலாளர் உரிமையை விட்டுக்கொடுப்பதா என்ற சோதனை ஒருமுறை வந்து போனது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்த மசோதா சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தினசரி வேலைநேரம், வார வேலைநேரம், இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருவது அதன் சாரம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு நான்கு நாள் என்ற ஏற்பாட்டை முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றும் விளக்கம் தந்தார்கள். வாடகைக்கு வீடு பிடித்து, கடனுக்கு வண்டி வாங்கி, ஒப்பந்தக்காரர் தயவில் வேலைக்குப் போகிறவரின் விருப்பம் எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து போகிறவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கவே மாட்டார். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923ஆம் ஆண்டு அதே மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள்.

எட்டு மணி நேரம் என்பது யாரோ போகிறபோக்கில் எழுதிவைத்த எண் அன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் செய்த முதல் உடன்படிக்கையே அதைப் பற்றியதுதான். இந்தியா அதை 1921இல் ஏற்றது. வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கர் 1940களில் அதை நடைமுறைக்கு நகர்த்தினார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உறுதிசெய்தது. இத்தனை கைகள் சேர்ந்து கட்டியதை ஒரு குரல் வாக்கெடுப்பில் கழற்றத் துணிய முடிந்தது என்பதுதான் அச்சுறுத்துகிறது. மசோதா திரும்பப் பெறப்பட்டது நல்லது; ஆனால் அது ஒருபோதும் வந்திருக்கக் கூடாது.

சங்கத்தின் கதைக்கு வருவோம். 1918இல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைத் திரட்டி உருவானது சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்கு உழைத்தார்கள். ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குத் தொடுத்தது. சங்கம் நடத்தியதே குற்றம்போல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த அநீதியின் எதிரொலியாகவும் பிறந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பிறகு நம் அரசியல் சாசனமே 19ஆம் பிரிவில் சங்கம் அமைக்கும் உரிமையை எழுதிவைத்தது. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கின் பின்விளைவாக நாடு முழுவதும் பெற்ற உரிமையை, சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தாங்கக்கூடாது என்று ஆட்சேபம் எழுந்தது, பதிவு தள்ளிப்போனது, அக்டோபரில் காவல்துறை போராட்டப் பந்தலைப் பிரித்தது, தொழிலாளர்களைக் கைது செய்தது. உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு, 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கிடைத்தது.

மதுரையில் நடந்ததை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் எழுதிவைத்தது இத்தகைய நேரத்தில் நாம் படிப்பதற்காகத்தான். பாண்டியன் கொடியவன் அல்லன். அரண்மனைக்கு வேண்டிய பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான். ஊருக்குப் புதியவனான, சொல்லிக்கொள்ள யாருமற்ற கோவலனைக் கேட்கவில்லை. அவன் செய்த பிழை அவ்வளவுதான். அதிகாரத்துக்கு அருகில் நிற்பவனின் குரல் தெளிவாகக் கேட்கிறது, தொலைவில் நிற்பவனுடையது கேட்பதில்லை. நெறி தவறிய அரசனை அறமே கொல்லும் என்று காட்டுவது தன் நோக்கங்களில் ஒன்று என அந்நூலின் பதிகம் சொல்கிறது. முதலீட்டாளரின் கவலையை அவர் ஊருக்கே போய்க் கேட்டறியும் அரசு, தன் ஊரிலேயே சாலையோரப் பந்தலில் உட்கார்ந்திருப்பவரின் கவலையையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும்.

வேலை வேண்டுமே, அண்டை மாநிலங்கள் வாசலில் நின்று அழைக்கின்றனவே என்பார்கள். அந்தக் கவலை பொய்யானதல்ல. இந்தியாவிலேயே மிக அதிகமான ஆலைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆலை வேலைக்குப் போகும் இந்தியப் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இங்குதான் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம் பல வீடுகளின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. ஆனால் தொழிலாளியின் வாயை அடைத்தால்தான் ஆலை நிலைக்கும் என்பதற்கு அனுபவம் சான்று தரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலைக்குக் கேட்ட சலுகைகளை அரசு கொடுத்தது. வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து 2014இல் அது மூடப்பட்டது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் விடுதி ஒன்றில் கெட்ட உணவால் பெண்கள் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, உண்மை நிலையைக் கேட்டுச் சொல்ல அங்கே ஒரு சங்கம் இல்லை. சாவு வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக்கிடந்தது. முதலீட்டுக்கு அமைதி வேண்டும் என்பவர்கள் அமைதி எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்க வேண்டும்.

நாட்டு வளர்ச்சிக்குத் துணைநின்ற தொழிலதிபருக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ. சிதம்பரனார் ஒரு நிறுவனத்தை நடத்தியவர்; பங்கு விற்று, கப்பல் வாங்கி, லாப நட்டம் பார்த்தவர். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் மற்ற முதலாளிகளோடு சேர்ந்துகொள்ளவில்லை. தொழிலாளர் பக்கம் நின்று கூலி உயர்வும் விடுமுறையும் பெற்றுத்தந்தார். அதற்கடுத்துச் சிறை சென்றார், கம்பெனியையும் இழந்தார். அவர் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்திருக்கிறோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் தந்தார். அதற்கு ஈடாக எந்தச் சட்டத்தையும் தளர்த்தச் சொல்லவில்லை. இப்பிறவியில் செய்யும் நன்மைக்கு மறுபிறவியில் பயன் வரும் என்று கணக்குப் பார்க்கிறவனை அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் என்று புறநானூற்றுப் புலவர் முடமோசியார் இகழ்ந்து, வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று போற்றினார். லாபத்துக்காகவே முதலீடு செய்வது குற்றமன்று, அது தொழிலின் இயல்பு. லாபத்துக்கு வந்துவிட்டு நாட்டுக்குக் கொடை அளித்ததாக நன்றி கேட்பதும், அந்த நன்றியைப் பிறர் உரிமையில் வசூலிப்பதும்தான் தவறு.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, மதிப்பு 6.64 லட்சம் கோடி ரூபாய். இத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணிக்கையும் உடன் அறிவிக்கப்பட்டது. அந்த வேலைகளில் நிரந்தர வேலை எவ்வளவு, ஒப்பந்த வேலை எவ்வளவு, பதிவுபெற்ற சங்கத்தோடு பேசுவதாக நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்பவையும் அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். தகுதிபெற்ற சங்கத்தை ஏற்கும் கடமையை மகாராஷ்டிரம் 1971ஆம் ஆண்டின் சட்டத்திலேயே எழுதியது, கேரளம் 2010இல் செய்தது. சுங்குவார்சத்திரத்தில் பந்தல் பிரிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லை. தொழில் தொடங்க வருபவரின் விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் விடை தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் தொழில் எளிதாக்கல் சட்டம் அதிகாரிகளுக்குக் கெடு விதிக்கிறது. சங்கம் பதிவுசெய்ய மனு கொடுத்த சாம்சங் தொழிலாளர்கள் அரை ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். அத்தகைய மனுக்களுக்கும் அதே அளவு கெடுவை அரசு எழுதிவைக்கட்டும்.