வாங்கிக்கொள்ளும் தர்மம்

கொடுப்பது கஷ்டமா, வாங்கிக்கொள்வது கஷ்டமா? ‘இதென்ன கேள்வி, கொடுப்பதுதான்!’ என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம். 1952 கிறிஸ்துமஸ் சமயம். பாரீஸின் நெக்கர் மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவன். தச்சு வேலை. உயரத்திலிருந்து விழுந்து அடிபட்ட சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்கு இருந்ததே அது ஒன்றுதான். அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பொருத்தினார்கள். வேலை செய்தது, மூன்று வாரம். பிறகு நின்றுவிட்டது. பையன் பிழைக்கவில்லை.

பத்து மாதம் சுமந்தவள் கொடுத்ததையே அந்நியப் பொருள் என்று துரத்திவிட்டது அந்த உடம்பு. நோய் எதிர்ப்புச் சக்தி என்பது கறாரான வாட்ச்மேன். அவருக்கு அம்மா சென்டிமென்ட்டெல்லாம் கிடையாது!

1954-ல் பாஸ்டனில் முதல் வெற்றி. கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசல் இரட்டையர்கள் என்பதால் வாட்ச்மேன் ஏமாந்தார். மற்றவர்களுக்குக் கதவு திறந்தது மருந்துகளால்தான். நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின். ஜப்பான் மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ். இன்று நம் கோரிமேடு ஜிப்மரிலேயே மாற்றுச் சிறுநீரகம் பொருத்துகிறார்கள்.

இந்த மாத்திரைகள் வாட்ச்மேனை வேலையைவிட்டுத் தூக்குவதில்லை. கொஞ்சம் கண்ணயர வைக்கின்றன. அவர் தூங்கினால் திருடனுக்கும் வசதிதானே? அதனால் கிருமிகள் சுலபமாக நுழையும். சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்குச் சர்க்கரை ஏறும். இருந்தாலும் அந்தச் சிறுநீரகம் உள்ளே இருக்கும்வரை நேரம் தவறாமல் போட்டாக வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? உடம்பு தேறிய பிறகு. ‘நல்லாத்தானே இருக்கேன், ரெண்டு நாள் விட்டா என்ன?’ பொருத்திய சிறுநீரகம் சில வருடம் ஓடிவிட்டுப் பழுதாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இப்படி விட்டுப்போகும் மாத்திரைகள்.

‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்று சொல்லலாமா? பாதி சரி. மீதிப் பாதியில் இன்னொருத்தர் இருக்கிறார். நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அம்மா, மனைவி, அக்கா. 1994-ல் வந்த சட்டம் உறுப்பை விற்கவும் வாங்கவும் கூடாது என்கிறது. விலையே இல்லாததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? முடியாது. பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் முடியும். கொடுத்தவருக்கு அது ஒரு நாள் தியாகம். வாங்கியவருக்கு அது தினசரிக் கடமை. அங்கே நன்றி என்பது வாயால் சொல்வதல்ல, கடிகாரத்தைப் பார்த்து விழுங்குவது.

அதற்காக, ‘என் கிட்னியை வாங்கிட்டு மாத்திரைகூடப் போடலையா?’ என்று தினமும் குத்திக்காட்டாதீர்கள். அது தானத்தைக் கடனாக்கி வட்டி வசூலிப்பது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் விடுகிறவரும் உண்டு. அலட்சியம் என்று முடிவுகட்டும் முன், டப்பாவில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். நலம் விசாரிக்க ஆப்பிளோடு போங்கள். ஆனால், ஜலதோஷத்தோடு போகாதீர்கள். தள்ளி இருப்பதும் சில சமயம் தானம்தான்!