கழுவாய்

செய்த பிழையை நினைந்து வருந்துதல் உயிர்க்கு நன்று. அவ்வருத்தமே பிழையினின்று மீளும் வழிக்கு முதற்படியாம். ஆயின், அம்முதற்படியிலேயே வாழ்நாள் முழுதும் அமர்ந்துவிடுதல் கழுவாயாகுமோ? இதனை ஆராய்தற்கு, 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மான்செஸ்டர் பை தி சீ' என்னும் அமெரிக்கத் திரைப்படம் நமக்குத் துணையாகின்றது. அதனை எழுதி இயக்கிய கென்னத் லோனர்கன், அக்கதையமைப்பிற்காக 2017-இல் ஆஸ்கர் விருது பெற்றனர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையூர் ஒன்றில் வாழ்ந்த லீ என்பான், குளிர்மிக்க ஓரிரவில் கணப்பில் விறகிட்டு, அதன்முன் தடுப்பை வைக்க மறந்து, மது வாங்கப் புறப்பட்டனன். கட்டை உருண்டு வீடு தீப்பற்றியது. மனைவி ராண்டி பிழைத்தாள். மக்கள் மூவரும் மாண்டனர். விசாரித்த காவலர், மறதி சட்டப்படி குற்றமன்றென்று கூறி அவனை விடுத்தனர். தண்டனை இல்லையோ எனத் திகைத்த அவன், காவலர் ஒருவரின் துப்பாக்கியைப் பறித்துத் தன்னுயிரை மாய்க்க முயன்று தடுக்கப்பட்டனன்.

அந்நாள்தொட்டு அவனுக்கு அவனே சிறைக்காவலன் ஆயினன். பாஸ்டனை அடுத்த குவின்சியில், கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஊழியனாய், ஓரறையில் தனித்து உறைந்தனன். பின்னர்த் தமையன் இறக்க, அவரது மரண சாசனம் 16 வயது மகன் பாட்ரிக்கை லீயினிடம் ஒப்புவித்தது. ஊர் திரும்பியவனைத் தெருவிற் கண்ட ராண்டி, தான் முன்பு கூறிய கடுஞ்சொற்களுக்கு மன்னிப்பு வேண்டி அழுதாள். அவன் அவ்வன்பை ஏற்கமாட்டாது அகன்றனன்.

ஈண்டு நாம் உற்றுநோக்கத்தக்கது யாது? சட்டம் விடுத்தது, மக்களை இழந்த தாயும் இரங்கினாள், அவன் தன்னை விட்டிலன். இது பணிவு போலத் தோன்றும். ஆயின், 'யானே தீர்ப்பிடுவேன், யானே தண்டிப்பேன்' என நிற்பதும் ஆணவ முனைப்பின் ஒரு வடிவமே. நோயுற்றான் தன் புண்ணைத் தானே கீறிக்கொள்ளுதல் மருந்தாகாது. மருத்துவன் முன் கைநீட்டல் வேண்டும்.

அற்றேல், மறந்துவிடுதலே கழுவாயோ எனின், அன்று. மூன்று குழந்தைகளை இழந்த தந்தை எங்ஙனம் மறப்பான்? இப்படமும் அத்தகைய பொய்யாறுதலைக் கூறவில்லை. அவ்வூரில் தன்னால் வாழ இயலாதென ஒப்பிய லீ, பாட்ரிக்கை நண்பர் குடும்பத்தார் ஏற்குமாறு செய்தனன். ஆயினும், பாஸ்டனில் தான் தேடும் வீட்டில், அப்பிள்ளை வந்தால் தங்குதற்கு ஓர் அறை மிகுதியாய் வேண்டும் என்றனன். தன்னைச் சிறையிட்டவன் பிறனொருவனுக்கு இடம் தேடத் தொடங்கினன். அருள் நுழைதற்கு அச்சிறு வாயிலே போதியதாம்.

ஆதலின், அன்பர்காள்! பிழைபட்டு வருந்துவாரை விரைந்து மறக்குமாறு ஏவாது, பிறர்பொருட்டு அவர் செய்யத்தக்க ஒரு சிறு பணியைக் காட்டுவோமாக. நாமே அத்துயரில் வீழ்ந்தோமாயின், மன்னிப்போடு நம்முன் நிற்பாரின் கையை உதறாது பற்றுவோமாக.