தானத்து மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது அதன் வயதை அறிவதற்காக. விலை கொடுப்பவனுக்கு அது உரிமை. இலவசமாகப் பெறுபவனுக்கோ அது நன்றிகேடு. பெறுபவனுக்கு இத்துணைக் கண்டிப்பாக ஒழுங்கு கற்பித்த நம் முன்னோர், கொடுப்பவனுக்கு அதே அளவு புகழ் வாய்ந்த ஒரு பழமொழியை விட்டுச் செல்லவில்லை. பார்க்கக் கூடாது என்று ஒருவனுடைய கண்ணைக் கட்டிவிட்டோம். அப்படியானால், பல்லைப் பற்றி நன்கு அறிந்த மற்றவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. காரைக்குடியில் வாழும் என் தங்கை மகன் மலேசியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். வரும்போது மின் இணைப்புள்ள யுகுலேலே ஒன்றைக் கொண்டு வந்தார். ஓராண்டு ஆசையாக வாசித்தார். பிறகு பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். அண்மையில் இறக்கிப் பார்த்தபோது அதில் பழுது தெரிந்தது. “அடுத்த தெருவில் கொத்தனாரின் மகன் ஒருவன் பள்ளி விழாவில் வாசிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறான் மாமு. அவனுக்குக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். ஆனால் ஒயரைச் செருகினால் கரகரவென்று இரைகிறது. சில நேரம் சத்தமே வருவதில்லை. விற்கிற பொருளுக்கு ஐபு சொல்ல வேண்டும் என்று அத்தா சொல்லியிருக்கிறார்கள். சும்மா கொடுக்கிற பொருளுக்குமா சொல்ல வேண்டும்?” என்று அவர் கேட்டார்.

நரம்புக் கருவி நம் வீடுகளில் இருக்கலாமா என்பது பழைய வாதம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனிப் பகுதியே எழுதும் அளவுக்கு நீண்ட வாதம் அது. அதற்குள் நான் இப்போது நுழையவில்லை. உடன்பாடு இல்லாத வாசகர்கள் யுகுலேலே என்று வருமிடத்திலெல்லாம் தையல் இயந்திரம் என்று வைத்து வாசித்துக்கொள்ளலாம். வாதம் ஒரு நூலிழையும் மாறாது.

எனினும் பொருளைத் தெரிந்துகொண்டால்தான் பழுதின் தன்மை விளங்கும். யுகுலேலே நான்கு நரம்புகள் கொண்ட சிறு கருவி. 1879ஆம் ஆண்டு மதேரா தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன போர்த்துக்கீசியத் தொழிலாளர் கொண்டு சென்ற மச்சேட்டி என்னும் கருவியிலிருந்து அங்கே பிறந்தது இது. கடல் கடந்து கூலிக்குப் போனவர்களின் மூட்டையில் போன கருவி என்பதால், மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய நம் பக்கத்தாருக்கு இதன் வரலாறு அந்நியமானதன்று. மின் யுகுலேலேயில், வீணைக்குக் குதிரை என்கிறோமே, அந்தக் குதிரையின் அடியில் பீசோ எனப்படும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த உண்மையே இதற்கு அடிப்படை. நரம்பின் அதிர்வை அந்தப் பட்டை மின்னலையாக்கும். பாட்டரியில் இயங்கும் சிறு மின்சுற்று அதைப் பெருக்கும். பக்கவாட்டுத் துளையில் செருகிய ஒயர் வழியே அது ஒலிபெருக்கிக்குப் போகும்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. கூடு உள்ள யுகுலேலேயில் இந்த மின் ஏற்பாடு முழுவதும் செத்துப்போனாலும், திண்ணையில் உட்கார்ந்து மீட்டினால் அது இனிமையாகவே ஒலிக்கும். பழுது அறையில் தெரியாது, மேடையில்தான் தெரியும். அந்தச் சிறுவன் வீட்டில் பத்து நாள் வாசித்து மகிழ்ந்து, பதினோராம் நாள் ஊரார் முன்னிலையில் ஒயரைச் செருகும்போதுதான் அவனுக்குச் செய்தி தெரியவரும்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் வணிக ஒழுக்கம் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் வேறு நினைவில் இருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஒட்டகத்தோடு புறப்பட்டுப் போன பின்பே உணர்ந்து, அவர் பின்னால் ஓடிக் கூவி அழைத்தார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்பது. சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்றார்கள் வாஸிலா. வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் நொந்துகொண்டபோது, எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உறுதி அளித்திருக்கிறோம் என்றும், குறையை அறிந்தவர் அதைச் சொல்லாதிருப்பது ஆகுமானதன்று என்றும் அவர்கள் விடை சொன்னார்கள்.

வாஸிலா அவர்கள் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர்; ஒரு காசு ஆதாயமோ நட்டமோ இல்லாத மூன்றாமவர். அறிந்தவர் என்பது ஒன்றே அவர்களை ஓடவைத்தது. ஆனால் என்னை அதிகம் கவர்வது அந்த முதல் கேள்விதான். இறைச்சிக்கு வாங்கியவருக்குக் குளம்புத் துளை ஒரு குறையே அன்று. எடுத்த எடுப்பில் குறையை அறிவிக்காமல், எதற்காக என்று கேட்டார்கள் அல்லவா, அதில் ஒரு பெரிய சட்ட நுட்பமே அடங்கியிருக்கிறது.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வரலாம். நகரத்தார் மாளிகைகள் பங்கு பிரிந்தும் பராமரிக்க ஆளின்றியும் இடிக்கப்பட, அவற்றிலிருந்து வெளியேறிய பொருள்கள் அங்குள்ள பழம்பொருள் கடைகளில் குவிந்திருக்கின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண், எனாமல் தூக்குச்சட்டி, சுவர்க் கடிகாரம், வால்வு ரேடியோ, குழாய் வைத்த கிராமபோன். அந்த ரேடியோ பாடுமா என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். வாங்குகிறவர் அதைக் கூடத்தில் அழகுக்கு வைக்கப் போகிறார். பாடாதது குறையன்று என்பது இருவருக்கும் தெரியும். அதே ரேடியோவைச் செய்தி கேட்பதற்காக ஒரு முதியவர் வாங்க வந்தால் கதை வேறு. இதே காரைக்குடி வீணைக்கும் பேர்போன ஊர். பழைய வீணை கைமாறும்போது மெழுகில் பதித்த மெட்டுகளை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதை வாசிப்பவர் எல்லாரும் அறிவர். அதைச் சொல்லாமல் விட்டால் யாரும் ஏமாந்ததாகக் கொள்ளமாட்டார்கள். பெட்டிக்குள் அறுந்து கிடக்கும் ஒயர் அத்தகையதன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்ட ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்தில் கடிந்துரைத்தார்கள். நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இதில் உண்டு. அவர் நீர் தெளித்து நனைத்தவர் அல்லர், நனைத்தது மழை. குறையை நாம் உண்டாக்கவில்லை என்பது, அதை மூடி வைப்பதற்குச் சமாதானமாகாது. பாட்டரி கசிந்ததற்கு நானா பொறுப்பு என்று கேட்பவருக்கும் இதே விடைதான்.

விற்பனையில் இவ்விஷயம் தெளிவானது. முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்லேன் என்று விற்பவர் முன்கூட்டியே நிபந்தனை போட்டால் என்ன செய்வது? ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபிலோ, விலங்கினங்களில் விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டும் அது செல்லும். நிபந்தனை செல்லுமென்பவர்களும் தெரிந்த குறையை மறைப்பது பாவமில்லை என்று சொல்லவில்லை. கோர்ட்டில் தப்புவதும் மஹ்ஷரில் தப்புவதும் வேறு வேறு. நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவர் தம் நோக்கத்தைச் சொல்லி வியாபாரியின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இறைச்சிக்கா சவாரிக்கா என்ற கேள்வியேதான் அது!

விலையே இல்லாதபோது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவு இரவலைப் பற்றிப் பேசுகிறது. காசு வாங்காமல் இரவல் கொடுப்பவரும், பயன்படுத்துவோரைப் பாதிக்கக்கூடிய குறை தமக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தவர், ஏறியவர் விழுந்து அடிபட்டால் பொறுப்பாவார் என்று அதற்கு எடுத்துக்காட்டும் தரப்பட்டுள்ளது. நாளை திரும்பி வரப்போகும் குதிரைக்கே இந்தக் கடமை உண்டு என்றால், திரும்பியே வராத பொருளுக்கு எப்படி இல்லாமற்போகும்?

என் கருத்து இதற்கும் ஒரு படி மேலே போகிறது. விற்பனையைவிட ஹதியாவில்தான் சொல்லும் கடமை கனமானது. விலை கொடுத்தவர் பேரம் பேசலாம், சோதிக்கலாம், சண்டை போடலாம், திருப்பித் தரலாம். ஹதியா பெற்றவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பல்லைப் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்றிருக்கும்போது, பழுது தெரிந்த பிறகு வந்து சொல்வதும் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. கொத்தனார் என்ன செய்வார்? வாய் திறவாமல் ஒரு நாள் கூலியை எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பவரைத் தேடி அலைவார். எதிரில் வந்தால் சலாம் சொல்லி, நன்றியும் சொல்வார். அவருடைய அந்த நன்றியை நாம் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? ஆகவே மருமகனிடம், “விற்றால் ஒருமுறை சொல்லியிருப்பாய்; சும்மா கொடுப்பதால் இரண்டுமுறை சொல், தம்பி” என்றேன்.

மதீனாவில் பேரீச்சை அறுவடையின்போது அன்சாரிகள் பழக்குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் பசித்தபோது அவற்றை உண்பார்கள். சிலர் காய்ந்ததும் சொத்தையுமான குலைகளையும் தொங்கவிட்டனர். அதையொட்டியே அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அருளப்பட்டது என்று திர்மிதியில் வருகிறது: உங்களுக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டாலன்றி ஏற்கமாட்டீர்களே, அத்தகையதைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்பது அதன் கருத்து. ஒட்டகக்காரர் பின்னால் ஓடினார்களே வாஸிலா (ரலி) அவர்கள், அவர்களும் அந்தத் திண்ணைத் தோழர்களுள் ஒருவரே. சொத்தைக் குலையைப் பெறும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் பழுதான பொருளைக் கொடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. பழுதானது வேறு, சொத்தை வேறு. யுகுலேலேயின் கூடு வெடிக்காமல், கழுத்து வளையாமல், குதிரை பெயராமல் இருந்தால், மின் பழுது பெரும்பாலும் சிறியதே. செருகு துளையின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் தூசி அடைந்திருக்கலாம். பரணில் கிடந்த பாட்டரி கசிந்து தகடுகளை அரித்திருக்கலாம். ஊர்க் கடைத்தெருவில் ஒலிபெருக்கி பழுது பார்ப்பவரே செய்யக்கூடிய வேலை. (அரிப்பையும் பாட்டரியையும் ஆராய்வதற்கென்றே, வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில், 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், பாட்டரியைக் கழற்றாமல் பரணில் போட்டுவிடுகிறோமே என்று எண்ணினால் சிரிப்பாக இருக்கிறது.) சரிசெய்துவிட்டுக் கொடுத்தால் அது இஹ்ஸான், வசதியுள்ளவர் அதைச் செய்வது அழகு. ஆனால் அது கடமையாகாது. சொல்வது மட்டுமே கடமை. அதற்குச் செலவும் இல்லை.

செலவில்லாத இந்த ஒன்றைச் செய்ய ஏன் நாக்கு எழுவதில்லை? குறை சொல்லிக் கொடுத்தால் கொடையின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற கூச்சம்தான் காரணம். ‘வெளிநாட்டுப் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்’ என்னும் பேச்சு, ‘ரிப்பேரான பொருளைத் தள்ளிவிட்டார்’ என்று மாறிவிடுமோ என்ற அச்சம். ஆக, நாம் காப்பாற்ற நினைப்பது பெறுபவரின் மகிழ்ச்சியையன்று, நம் பெயரை. வியப்பு என்னவென்றால், பிறருடைய மனக்குறைகளை மூடி மறைக்கும்படி மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்க, கல்யாண வீட்டுப் பந்தலில் அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்து வைக்கிறோம். திறந்து காட்டச் சொன்ன பொருள்களின் குறையைத்தான் மூடி வைக்கிறோம்.

சொல்லும் முறையும் முக்கியம். ‘சின்னக் கோளாறு, ஒன்றுமில்லை’ என்பது சொன்னதாகாது. ஒயரைச் செருகினால் இரைச்சல் வருகிறது, சில வேளை சத்தம் வருவதில்லை, காரணம் எனக்குத் தெரியாது, கையால் மீட்டினால் நன்றாக ஒலிக்கிறது. இவ்வளவும் சொன்னால்தான் சொன்னதாகும். சிறுவனிடம் மட்டும் சொன்னால் போதாது. செலவு தகப்பனாருடையது, அவரிடமும் சொல்ல வேண்டும். வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழியும் விட வேண்டும்: பள்ளி விழாவுக்கு முன் இதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் எங்களிடமே கொடுத்துவிடுங்கள், வருத்தமில்லை என்று சொல்லலாம். எதற்காக வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவன் வீட்டில் பழகத்தான் கேட்கிறான் என்றால், அந்தப் பழுது அவனுக்குக் குளம்புத் துளையேயன்று.

கூடே வெடித்து, கழுத்தும் வளைந்து, வாசிப்பதற்கு ஆகாது என்ற நிலையில் இருந்தால் அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். பழுது பார்க்கும் கடைக்காரரிடம் கொடுத்தால், நரம்பு முறுக்கும் திருகாணிகளையும் பீசோப் பட்டையையும் கழற்றி வேறொரு கருவிக்கு அவர் பயன்படுத்திக்கொள்வார். அவரிடமும் இன்னது கெட்டுவிட்டது என்று சொல்லியே கொடுக்க வேண்டும். அவருக்கு அது மனக்குறையாக இராது; எந்தத் திருகாணி நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்பார்.